கூரை கழற்றும் வண்டிக்கு ரோல் கேஜ்: பொருத்தலாமா, வேண்டாமா?

கற்பாதைக்காரன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது சேஸியின் மேல் தனி பாடி அமர்ந்த, இரண்டு கதவுகள் கொண்ட, நீளம் குறைந்த நான்கு சக்கர இயக்க வண்டி. அதன் கூரை ஃபைபரால் ஆனது. போல்ட்டுகளைக் கழற்றினால் இருவர் சேர்ந்து தூக்கி வைத்துவிடலாம். முன் இருக்கைகளுக்குப் பின்னால் தயாரிப்பாளரே பொருத்திய குழாய் வளைவு ஒன்று உள்ளது. ஆனால் அது மெல்லியதாகவும், பாடியின் தரைத்தகட்டில் மட்டும் போல்ட் இடப்பட்டதாகவும் இருக்கிறது. வாரநாள்களில் இதே வண்டியில்தான் அலுவலகத்திற்குச் செல்கிறேன்; பின்னிருக்கையில் என் பிள்ளைகள் இருவரும் அமர்வதுண்டு. மாதத்தில் இரண்டு வார இறுதிகளில் குழுவாகப் பாறைப் பாதைகளுக்குப் போகிறோம்.

சென்ற மாதம் எங்கள் குழுவில் ஒருவரின் வண்டி, நடை வேகத்தைவிடக் குறைவாகப் பக்கச் சரிவு ஒன்றைக் கடந்துகொண்டிருந்தபோது, மேட்டுப் பக்கத்துச் சக்கரம் ஒரு கல்லில் ஏறியதும் மெதுவாகச் சாய்ந்து, ஒரு முழுச் சுற்று உருண்டு, சக்கரங்களின் மேலேயே வந்து நின்றது. சிராய்ப்புகளைத் தவிர யாருக்கும் காயமில்லை என்றாலும், முன்கண்ணாடிச் சட்டம் ஸ்டீயரிங்கைத் தொடும் அளவுக்கு மடங்கிக் கிடந்ததைப் பார்த்த பிறகு என் வண்டியை முன்புபோல நம்பி ஓட்ட முடியவில்லை.

ஒரு பட்டறைக்காரர் ஆறு இடங்களில் ஊன்றும் முழு ரோல் கேஜ் (வண்டி உருண்டால் உள்ளிருப்பவர்கள் நசுங்காமல் காக்கும் எஃகுக் குழாய்க் கூண்டு) செய்து தருவதாகச் சொல்கிறார். தண்ணீர்க் குழாயே தடிமனாக இருக்கும், அதுவே போதும் என்பது அவர் கருத்து. கூண்டின் எடை மேலே ஏறுவதால் வண்டி இன்னும் எளிதாகக் கவிழும் என்று வேறொரு நண்பர் எச்சரிக்கிறார். அன்றாடம் ஓட்டும் வண்டிக்குள் இரும்புக் குழாய்கள் இருப்பது சரியா என்ற ஐயம் எனக்கே இருக்கிறது. அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.


வெல்டிங் மேசை எழுதியது:

முதலில் அந்தத் தண்ணீர்க் குழாயை மறந்துவிடுங்கள். தடிமனைப் பார்த்து வலிமையை மதிப்பிடுவதுதான் இந்தத் தொழிலில் நடக்கும் முதல் தவறு. தண்ணீர்க் குழாய் உள்ளிருந்து வரும் அழுத்தத்தைத் தாங்குவதற்காகச் செய்யப்படுவது. வளைந்து, இடிபட்டு, மடங்காமல் நிற்பதற்காகத் தேர்ந்தெடுத்த எஃகு அல்ல அது. துத்தநாகப் பூச்சு உள்ள குழாய் என்றால், வெல்டிங் செய்யும்போது எழும் புகை செய்பவரின் நெஞ்சுக்குக் கேடு, இணைப்பிலும் துளைகள் விழும்.

பன்னாட்டு மோட்டார் பந்தய அமைப்பான எஃப்.ஐ.ஏ. தன் விதிகளில் கேட்பது, குளிர்நிலையில் இழுத்துச் செய்த, மூட்டு இல்லாத கார்பன் எஃகுக் குழாய். அதன் இழுவலிமை சதுர மில்லிமீட்டருக்குக் குறைந்தது 350 நியூட்டன் இருக்க வேண்டும். முன் இருக்கைகளுக்குப் பின்னால் நிற்கும் பிரதான வளைவுக்கு 45 மி.மீ. விட்டமும் 2.5 மி.மீ. தடிமனும், அல்லது 50 மி.மீ. விட்டமும் 2 மி.மீ. தடிமனும் தேவை. மற்றக் குழாய்கள் 38 மி.மீ. விட்டத்தில் 2.5 மி.மீ. தடிமன், அல்லது 40 மி.மீ. விட்டத்தில் 2 மி.மீ. தடிமன். நீங்கள் பந்தயத்துக்குப் போகவில்லை என்பது உண்மைதான். ஆனால் ஒரு பட்டறைக்காரரிடம் பேசும்போது கையில் ஓர் அளவுகோல் இருந்தால், யார் எதைத் தெரிந்து பேசுகிறார் என்பது ஐந்து நிமிடத்தில் விளங்கிவிடும். குரோமியமும் மாலிப்டினமும் கலந்த எஃகான குரோமோலி பற்றிச் சிலர் ஆசை காட்டுவார்கள். அது நல்ல எஃகு, எடையும் மிச்சமாகும். ஆனால் வெல்டிங்கின் வெப்பம் பட்ட ஓரம் கடினமாகி நொறுங்கும் தன்மை பெறாமல் பார்த்துக்கொள்ளும் கைத்திறன் எல்லாரிடமும் இல்லை. சாதாரணக் கார்பன் எஃகைச் சரியாகச் செய்வது, குரோமோலியைத் தவறாகச் செய்வதைவிட எவ்வளவோ மேல்.

குழாயைவிட முக்கியமானது அதன் பாதம். உங்கள் வண்டியின் தரை ஒரு மில்லிமீட்டரை ஒட்டிய தகடு. அதன் மேல் ஒரு குழாயை நேராக நிறுத்தி, வண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்தால், வண்டியின் முழு எடையும் அந்தக் குழாயின் வாயளவு வட்டத்தில் இறங்குகிறது. அப்பம் வெட்டும் அச்சைப்போலக் குழாய் தகட்டைத் துளைத்துக்கொண்டு வெளியே போகும், கூண்டு அப்படியே கீழே இறங்கும். இதனால்தான் ஒவ்வொரு பாதத்துக்கும் பாடியில் 120 சதுர சென்டிமீட்டர் பரப்பும் 3 மி.மீ. தடிமனும் கொண்ட வலுத்தகடு வேண்டும் என்றும், 8.8 வலிமைத் தரத்தில் எம்8-க்கு (8 மி.மீ. விட்டம்) குறையாத போல்ட்டுகள் குறைந்தது மூன்று வேண்டும் என்றும் அந்த விதிகள் சொல்கின்றன. தகட்டை ஒரே தளத்தில் படுக்க வைக்காமல், தரையிலிருந்து பக்கச் சுவரில் ஏறும்படி மடித்துப் பொருத்தினால் இன்னும் நல்லது. எதற்கும் முன்னால் தரைவிரிப்பைப் பெயர்த்து, துரு இருக்கிறதா என்று பாருங்கள். துருப்பிடித்த தரையில் எந்தக் கூண்டும் வீண்.

உங்கள் வண்டியில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. பாடி ரப்பர் புஷ்களின் மேல் அமர்ந்திருப்பதால், கரடுமுரடான பாதையில் சேஸி முறுக்கிக்கொள்ளும்போது பாடி தனியாக அசைகிறது. கூண்டின் சில கால்களைச் சேஸியிலும் சில கால்களைப் பாடியிலும் இறுகக் கட்டிவிட்டால், அந்த அசைவு முழுவதும் வெல்டிங் இணைப்புகளின் மேல் விழுந்து, சில மாதங்களில் வெடிப்பு காணும். எல்லாக் கால்களையும் வலுத்தகடுகளோடு பாடியில் ஊன்றி, அந்த இடங்களுக்கு நேர் கீழே பாடி புஷ்கள் இருக்குமாறு அமைப்பது ஒரு வழி. கால்கள் தரையைக் கடந்து சென்று, ரப்பர் புஷ் வைத்த இணைப்பு வழியாகச் சேஸியைப் பிடிப்பது மற்றொரு வழி. இரண்டும் நடைமுறையில் உள்ளவை. கலப்படம்தான் கூடாது.

வளைவுகளைப் பற்றி ஒரு சொல். குழாய்க்குள் மணலை நிரப்பிச் சூடாக்கி வளைப்பவரிடம் போகாதீர்கள். நடுக்கோட்டின் ஆரம் குழாயின் விட்டத்தைப்போல மூன்று மடங்குக்குக் குறையக் கூடாது; வளைத்த இடத்தில் குழாய் நீள்வட்டமாக நசுங்கினால், சிறிய விட்டம் பெரிய விட்டத்தில் பத்தில் ஒன்பது பங்காவது இருக்க வேண்டும். உள்பக்கம் சுருக்கம் விழுந்த வளைவு அங்கேதான் முதலில் மடங்கும். வெல்டிங் குழாயைச் சுற்றி முழுமையாக ஓட வேண்டும். கூரைப் பக்கம் கை போகவில்லை என்று முக்கால் வட்டத்தோடு நிறுத்திவிடுவது பட்டறைகளில் வழக்கமாக நடக்கும் ஏமாற்று. உங்கள் கூரை கழன்று வருவதால் அந்தச் சாக்கு உங்களிடம் செல்லாது. பேட்டரி இணைப்பைக் கழற்றாமல் வண்டியில் வெல்டிங் தொடங்க விடாதீர்கள்.


பந்தயப் பரிசோதகர் எழுதியது:

மேலே எழுதியவர் கூண்டை எப்படிச் செய்வது என்று நன்றாகச் சொன்னார். நான் சொல்ல வருவது கூண்டுக்குள் இருக்கும் தலையைப் பற்றி. பந்தய வண்டிகளைப் பரிசோதிக்கும்போது நாங்கள் கூண்டைத் தனியாகப் பார்ப்பதில்லை. கூண்டு, இருக்கை, பெல்ட், ஹெல்மெட் ஆகிய நான்கையும் ஒரே கருவியாகப் பார்க்கிறோம். அவற்றில் ஒன்று இல்லையென்றால் மற்ற மூன்றும் ஆபத்தாக மாறக்கூடும்.

உங்கள் வாரநாள் பயணத்தை எண்ணிப் பாருங்கள். தலையில் ஹெல்மெட் இல்லை. இடுப்பிலும் தோளிலும் சாதாரண மூன்று முனை சீட் பெல்ட். பக்கவாட்டில் ஒரு கார் வந்து இடித்தால், உங்கள் தலை கதவுப் பக்கமாக ஒரு கையளவு தூரமாவது வீசப்படும். இன்று அந்த இடத்தில் கண்ணாடியோ வெற்றிடமோ இருக்கிறது. நாளை அங்கே 38 மி.மீ. எஃகுக் குழாய் இருக்கும். கூண்டு உங்களைக் காப்பதற்கு வண்டி உருள வேண்டும். உங்களைக் காயப்படுத்துவதற்கோ ஒரு சிறிய மோதல் போதும். வண்டியில் பக்கத் திரை ஏர்பேக் இருந்தால், அது விரியும் வழியில் எந்தக் குழாயும் நிற்கக் கூடாது.

குழாயின் மேல் சுற்றும் மெத்தை இதைத் தீர்த்துவிடும் என்று சொல்வார்கள். குளிர்சாதனக் குழாய்களுக்குச் சுற்றும் மென்மையான நுரை பார்வைக்கு மட்டுமே. விரலால் அழுத்தினாலே அடிவரை போகும். எஃப்.ஐ.ஏ. 8857-2001 தரத்தில் வரும் மெத்தை கடினமாக இருக்கும், தட்டினால் கட்டைபோல ஒலிக்கும். அதுவும் ஹெல்மெட் அணிந்த தலை இடிப்பதற்காக வகுத்த தரம். வெறும் தலைக்கு அது ஓரளவு உதவும், அவ்வளவுதான்.

அப்படியென்றால் வேண்டாம் என்கிறேனா? கூரை நிலையான, அண்மைக் காலத்து மூடிய வண்டியாக இருந்தால் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். அமெரிக்காவின் கூரை வலிமை விதி, 2009 திருத்தத்துக்குப் பின், ஆட்களும் சரக்கும் சேர்த்து அனுமதித்த மொத்த எடை 2,722 கிலோ வரையிலான வண்டிகளின் கூரை அவற்றின் சொந்த எடையைப்போல மூன்று மடங்கு சுமையை ஒரு பக்க ஓரத்தில் தாங்க வேண்டும் என்று கேட்கிறது. அந்த வகைக் கூரை, நடை வேகத்தில் நிகழும் ஓர் உருளலுக்குப் பெரும்பாலும் ஈடுகொடுக்கும். ஆனால் முன்தூண்களையும் நடுத்தூண்களையும் இணைக்கும் நிலையான கட்டமைப்பு இல்லாத வண்டிகளுக்கு அந்த விதி பொருந்துவதில்லை. கூரை கழலும் உங்கள் வண்டி அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது. ஃபைபர் கூரை மழைக்குத்தான் கூரை. உருளலுக்கு அது கூரையே அல்ல. ஆகவே உங்கள் நண்பரின் வண்டியில் கண்ணாடிச் சட்டம் மடங்கியது தற்செயல் என்று நினைக்க வேண்டாம்.

ஆகவே உங்களுக்கு என் பரிந்துரை முழுக் கூண்டுக்கும் ஒன்றுமில்லாமைக்கும் நடுவில் இருக்கிறது. முன் இருக்கைகளுக்குப் பின்னால் வலுவான பிரதான வளைவு. அதற்குள் ஒரு மூலைவிட்டக் குழாய். வளைவிலிருந்து பின்னோக்கி இறங்கும் இரண்டு தாங்குகுழாய்கள், செங்குத்துக் கோட்டோடு 30 பாகைக்குக் குறையாமல். இது இருக்கட்டும். முன்பக்கத்துக்கு, கண்ணாடிச் சட்டத்தை ஒட்டிச் செல்லும் குழாய்களைப் பின்வளைவோடு இணைப்பது பாறைப் பாதைக்கு மிகவும் பயன்படும். ஆனால் பக்கக் குழாய் தலையிலிருந்து எவ்வளவு தள்ளி ஓடுகிறது என்பதை அளந்த பிறகே முடிவு செய்யுங்கள். குறுகிய வண்டிகளில் அந்த இடைவெளி கிடைப்பது அரிது.

பின்வளைவு போதுமா என்று அறிய ஒரு பழைய முறை உண்டு. நீங்கள் ஹெல்மெட் அணிந்து ஓட்டும் நிலையில் அமருங்கள். வளைவின் உச்சியிலிருந்து கண்ணாடிச் சட்டத்தின் உச்சிக்கு ஒரு நீளமான துடைப்பக் கம்பை வைக்கச் சொல்லுங்கள். ஹெல்மெட்டின் உச்சி அந்தக் கம்புக்குக் குறைந்தது 5 செ.மீ. கீழே இருக்க வேண்டும். திறந்த கார்களைப் பந்தயத் தடத்தில் பழக்கும் இடங்களில் இதைத்தான் செய்கிறார்கள். உங்களைப் போன்றவர்கள் ஒரு படி மேலே போய், கண்ணாடிச் சட்டம் இல்லையென்றே கொண்டு, கம்பின் முன்முனையை பானெட்டின் மேல் வைத்தும் பார்க்க வேண்டும். ஏனென்றால் அந்தச் சட்டம் நிற்காது என்று உங்கள் நண்பரின் வண்டி ஏற்கெனவே காட்டிவிட்டது.

பெல்ட் பற்றியும் சொல்லியாக வேண்டும். தலைகீழாகத் தொங்கும்போது சாதாரண பெல்ட் அணிந்த உடலும் இருக்கையிலிருந்து பல சென்டிமீட்டர் எழும்பிவிடும். அதற்காக நான்கு முனை ஹார்னஸ் (இரு தோள்களையும் இடுப்பையும் இறுக்கும் பந்தயப் பெல்ட்) வாங்கி, தோள்மேல் வரும் பட்டைகளைப் பின்தரையில் கட்டிவிடுவது பெருந்தவறு. தோளிலிருந்து செங்குத்தாகக் கீழே இழுக்கும் பட்டை, மோதலின்போது முதுகெலும்பை அழுத்தும்; கால்களுக்கு இடையிலான பட்டை இல்லாததால் இடுப்புப் பட்டை வயிற்றுக்கு ஏறும். தோள்மேல் வரும் பட்டைகள் வளைவின் குறுக்குக் குழாயில், கிடைமட்டத்திலிருந்து ஏறத்தாழ 10 பாகை தாழ்ந்து செல்லுமாறு கட்டப்பட வேண்டும். கூண்டே இல்லாத திறந்த வண்டியில் ஹார்னஸ் அணிவது அதைவிடத் தவறு: உடல் சாய இடமில்லாமல் நிமிர்ந்தே இருக்கும், கண்ணாடிச் சட்டம் மட்டும் கீழே இறங்கும்.

வண்டியின் கட்டமைப்பை மாற்றுவதற்குப் பல நாடுகளில் பதிவுத் துறையின் ஒப்புதல் தேவை. காப்பீட்டாளருக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டியிருக்கும். வெட்டத் தொடங்கும் முன் இவ்விரண்டையும் முடித்துவிடுங்கள்.


சரிவுமானி எழுதியது:

எடை மேலேறினால் எளிதில் கவிழும் என்ற நண்பரின் அச்சத்துக்கு மட்டும் பதில். அது உண்மை, ஆனால் எவ்வளவு உண்மை என்று கணக்குப் போட்டால் வேறு ஒன்று தெரிகிறது.

ஆட்களோடு 1,800 கிலோ எடை, 1.5 மீட்டர் சக்கர அகலம், தரையிலிருந்து 70 செ.மீ. உயரத்தில் ஈர்ப்பு மையம் என்று ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம். அசையாமல் நிற்கும் நிலையில் அது கவிழத் தொடங்கும் பக்கச் சரிவு 47 பாகை. 45 மி.மீ. குழாய் மீட்டருக்கு 2.6 கிலோ, 38 மி.மீ. குழாய் 2.2 கிலோ, முன்னதில் 5 மீட்டர், பின்னதில் 15 மீட்டர், அதோடு தகடுகள் என்றால் கூண்டு 50 கிலோவை ஒட்டி வரும். குழாய்கள் தரை முதல் கூரை வரை பரவியிருந்தாலும், அவற்றின் மையம் 1.3 மீட்டர் உயரத்தில் என்று கடுமையாகவே வைப்போம். புதிய மையம் 71.6 செ.மீ.; கவிழும் சரிவு 46.3 பாகை. இழப்பு ஒரு பாகைக்கும் குறைவு.

இப்போது கூண்டை விட்டுவிட்டு, அதே வண்டியின் கூரைமேல் கூடாரம், தண்ணீர், எரிபொருள் கேன் என்று 100 கிலோவை 2 மீட்டர் உயரத்தில் ஏற்றுங்கள். மையம் 76.8 செ.மீ.க்கு ஏறி, கவிழும் சரிவு 44.3 பாகைக்கு இறங்குகிறது. சஸ்பென்ஷனை 5 செ.மீ. உயர்த்துவதும் கூண்டைவிட அதிகமாகவே இழக்கச் செய்யும். கூண்டின் எடைக்கு அஞ்சுபவர்களில் பலர் மேலே கூரைத் தட்டோடுதான் வருகிறார்கள் என்பதைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன்.

இந்த எண்களை நம்பி 40 பாகைச் சரிவில் இறங்கிவிடாதீர்கள். பள்ளப் பக்கத்து ஸ்பிரிங்கும் டயரும் அமுங்குவதாலும், ஒரு கல் ஏறினாலே சில பாகைகள் கூடிவிடுவதாலும், உண்மையில் வண்டி மிகவும் முன்னதாகவே கவிழ்ந்துவிடும்.


பழைய ஓட்டி எழுதியது:

நான் இத்தனை ஆண்டுகளில் ஒரு குழாய்கூடப் பொருத்தியதில்லை. உருளாமல் ஓட்டக் கற்றுக்கொள்வதே சிறந்த கூண்டு. கூண்டு வந்தவுடன் துணிச்சல் கூடி, முன்பு இறங்கி நடந்து பார்த்த சரிவில் இறங்காமலே வண்டியை விடுபவர்களை நான் அறிவேன். அது ஒருபுறம் இருக்க, வண்டி சாயும்போது கை தானாக ஜன்னலுக்கு வெளியே போய்த் தரையை ஊன்றப் பார்க்கும். கூண்டு உள்ள வண்டியிலும் கை நசுங்கும். ஸ்டீயரிங்கை விடாமல் பிடிக்கப் பழகுங்கள், ஜன்னலுக்கு வலை கட்டுங்கள். பின்னால் கிடக்கும் ஜாக்கியையும் கருவிப் பெட்டியையும் பட்டை போட்டு இறுக்குங்கள். உருளும் வண்டிக்குள் ஜாக்கியும் உங்களோடு சேர்ந்து உருளும்.


பந்தயப் பரிசோதகர் எழுதியது:

பெரியவர் சொன்ன கையும் ஜாக்கியும் முழு உண்மை. உருளாமல் ஓட்டக் கற்பதே சிறந்த கூண்டு என்றதோடு மட்டும் எனக்கு உடன்பாடில்லை. ஸ்வீடன் 1959-இல் புதிய டிராக்டர்களுக்கு உருண்டால் ஓட்டுபவரைக் காக்கும் எஃகுச் சட்டகத்தைக் கட்டாயமாக்கியபோது, அங்கு இருந்த உழவர்கள் ஓட்டத் தெரியாதவர்கள் அல்லர். மேட்டில் ஒரு கல் எப்போது பெயரும் என்பது ஓட்டுபவரின் கையில் இல்லை. ஆனால் டிராக்டர்கள் கற்பித்த மற்றொரு பாடமும் உண்டு: பெல்ட் அணியாத ஒருவரை அந்தச் சட்டகம் முழுமையாகக் காப்பதில்லை, சில வேளைகளில் வெளியே விழுந்தவரின் மேலேயே அது வந்து விழுகிறது.


கற்பாதைக்காரன் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. இன்று காலை ஹெல்மெட் அணிந்து அமர்ந்து, கம்பு வைத்துப் பார்த்தோம். கண்ணாடிச் சட்டத்தின் மேல் வைத்தபோதே ஹெல்மெட்டின் உச்சி கம்பை 3 செ.மீ. தூக்கியது, பானெட்டின் மேல் வைத்தபோது என் நெற்றிக்கு நேராக வந்தது. ஆக, இப்போதைய வளைவு எனக்கு உதவாது. தரைவிரிப்பைப் பெயர்த்ததில் ஓட்டுநர் பக்க மூலையில் உள்ளங்கை அளவு துருவும் தெரிந்தது. அதை வெட்டிப் புதிய தகடு இட்ட பிறகே மற்ற வேலை. தண்ணீர்க் குழாய்க்காரரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

மூலைவிட்டமும் பின்தாங்கிகளும் உள்ள புதிய பின்வளைவு என்று முடிவு செய்திருக்கிறேன். ஒரே ஓர் ஐயம்: அந்த வளைவும் அதன் குறுக்குக் குழாயும் பின்னிருக்கையில் அமரும் பிள்ளைகளின் முகத்துக்கு நேராக அல்லவா வரும்?


வெல்டிங் மேசை எழுதியது:

வரும். இதைக் கேட்டது நல்லதாயிற்று. இருவர் மட்டும் அமரும் வண்டிக்கான வரைபடத்தை எடுத்து அப்படியே குடும்ப வண்டியில் பொருத்துபவர்கள் தவறுவது இங்கேதான். திடீர் பிரேக்கில் பிள்ளைகளின் உடலைப் பெல்ட் பிடித்துக்கொண்டாலும், தலை முன்னோக்கி வீசப்படும்.

இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, குறுக்குக் குழாயை முன்னிருக்கையின் முதுகுக்குப் பின்னால் மறையும் உயரத்தில் வைத்து, மூலைவிட்டத்தைப் போல்ட்டில் கழற்றி மாட்டும்படி செய்து, பிள்ளைகள் வரும் நாள்களில் அதை மட்டும் எடுத்துவிடுவது. அந்நாள்களில் பாறைப் பாதை கூடாது. மற்றொன்று, பிரதான வளைவோடு நிறுத்தாமல், பின்னிருக்கைக்கும் பின்னால் ஒரு வளைவை எழுப்பி இரண்டையும் மேலே இணைப்பது. பிள்ளைகளைப் பாதைக்கும் அழைத்துச் செல்வதாக இருந்தால் இரண்டாவதுதான் முறை; ஏனென்றால் முதல் வளைவோடு முடியும் கூண்டில் அவர்கள் காப்புக்கு வெளியே அமர்ந்திருக்கிறார்கள்.

எதுவானாலும், எஃகை வெட்டும் முன், மின்கம்பி செலுத்தும் பிளாஸ்டிக் குழாய்களை வாங்கி, ஒட்டுநாடாவால் கட்டி, வண்டிக்குள் அதே வடிவத்தை நிறுத்துங்கள். பிள்ளைகளைப் பின்னிருக்கையில் பெல்ட்டோடு அமர்த்தி, முடிந்த அளவு முன்னால் குனியச் சொல்லுங்கள். நெற்றி தொடும் இடங்களில் சுண்ணாம்புக் கட்டியால் குறியிடுங்கள். பிறகு நீங்களும் அமர்ந்து பாருங்கள். வளைவை உயர்த்துவதற்குப் பதிலாக, இருக்கையின் அடித்தாங்கியை மாற்றி இருக்கையைச் சில சென்டிமீட்டர் தாழ்த்த முடியுமா என்றும் அப்போதே பார்த்துவிடுங்கள். குறியிட்ட அந்தக் குழாய்களைக் கழற்றாமல் வண்டியைப் பட்டறைக்குக் கொண்டு போங்கள்.